விடுங்க

இந்த இடத்தில் கைக்கு ஒன்றுமே இல்லை. போன வருஷமும் இதைத்தானே பார்த்தாய் விக்னேஸ்வரி, ஒரு மழைக்காலம் போய் வந்ததும் பாறையில் பிடி முளைத்திருக்கும் என்றா நினைத்தாய். முளைக்காது. இது கருங்கல். அம்மி கொத்துகிற கல், ஆட்டுக்கல் கொத்துகிற கல், சாமி செய்கிற கல். நடுக்கடலில் ஒரு தீவின் முதுகில் மலையாக நிமிர்ந்து நிற்கிறது, கீழே தென்னந்தோப்பு கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிகிறது, அதற்கப்புறம் தண்ணீர், அதற்கப்புறமும் தண்ணீர், நாங்கள் போட் ஏறிய கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாயிற்று. சரி, இப்போது மேலே பார். ஓர் ஆள் உயரத்துக்கு வழுவழுவென்று ஒரு சரிவு, அதற்கு மேலே கறுப்பாக ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் கை நுழைந்துவிட்டால் உச்சிவரைக்கும் ஏணி ஏறுகிற மாதிரிதான். வெடிப்புக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எட்டு. வலது காலைத் தூக்கி, முழங்கால் உயரத்தில் தெரிகிற அந்தச் சாம்பல் நிறத் திட்டில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்து, அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது என்ன செய்வோமோ அதேதான். படி மட்டும் இல்லை.

இடது காலாக இருந்திருக்கக் கூடாதா. பாறை என் குதிகாலைக் கேட்டா அமைந்தது? இடது காலை வைத்துப் பார்த்தேன் போன வருஷம், உடம்பு கதவு மாதிரி வெளிப்பக்கம் திறந்துகொண்டது. வலது கால்தான். தகடும் திருகாணியும் வைத்துத் தைத்த அந்தக் குதிகால்தான். போன வருஷம் இப்போது நிற்கிற இதே சின்னப் பள்ளத்தில் இடது கால் நுனியை வைத்துக்கொண்டு நின்றேன், நின்றேன், கெண்டைக்கால் தையல் மிஷின் மாதிரி அடிக்க ஆரம்பித்தது, "இழுங்க, எறங்குறேன்" என்று கத்தினேன், குணசீலன் ஒரு நொடியில் கயிற்றை இறுக்கிவிட்டார், இறங்கிவிட்டேன். குணசீலன் என் வீட்டுக்காரர். கீழே திண்டில் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏர்கான் மாட்டுகிற வேலை, அடுக்குமாடி வெளிச்சுவரில் தொங்கித் தொங்கிக் கயிறு அவருக்கு வேட்டி கட்டுவது மாதிரி. இந்தத் தடவை போட்டில் வரும்போது நான்தான் சொன்னேன், "இந்த வாட்டியும் எறங்கிட்டேன்னா முடிஞ்சிச்சு. அப்புறம் இந்தக் கயிறு துணி காயப் போடத்தான்." வீம்புக்குத்தான் சொன்னேன். அப்படியெல்லாம் சொல்லாதே என்று மறுப்பார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு "சரிம்மா" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒரு சரிம்மா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு சீக்கிரம் சொல்லவில்லை. கொடிக்கம்பி வாங்குகிற செலவு மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தச் சரிம்மா இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

மூச்சு. மூச்சை இழுத்துப் பிடி. பிடித்தது போதும், விடு. நாள் முழுக்க இதைத்தானே சொல்கிறேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூச்சை இழுங்க, பிடிங்க, அப்படியே, அப்படியே, ம், விடுங்க. மலாய்க்காரர் வந்தால் மலாயில், சீனர் வந்தால் கொஞ்சம் சைகையில், நம்மவர்கள் வந்தால் விடுங்க. என்னுடைய விடுங்கவைக் கேட்டால் பச்சைப்பிள்ளைகூட அழுகையை நிறுத்தும் என்பார்கள், அவ்வளவு மெதுவாகச் சொல்வேன். என் குதிகாலையும் அதே மேஜையில்தான் படம் எடுத்தார்கள், கூட வேலை செய்கிற பெண் எடுத்தாள், படத்தை எனக்குக் காட்டாமல் ஒளிக்கப் பார்த்தாள். பிடுங்கிப் பார்த்தேன். மிதிபட்ட பிஸ்கட். அது உடைந்தது ஈப்போ பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் மலையில். சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அது சிரித்துப் பேசிக் கழுத்தறுக்கும் சாதி. எங்கே பார்த்தாலும் குழி, கொம்பு, காது, கைப்பிடி, வா வா என்று கூப்பிடும். ஒரு கொம்பைப் பிடித்தேன், இரண்டு கைக்கும் இடம் கொடுத்தது, முழுப் பாரத்தையும் கொடுத்தேன், கொம்பு என் கையோடு வந்துவிட்டது. விழும்போது பயமில்லை, பயப்பட நேரமில்லை. கால் பாறையில் மோதியபோது வலிகூட இல்லை. சத்தம்தான். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், உள்ளேயிருந்து. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் வீட்டில் யாராவது முறுக்கைக் கடித்தால் கேட்கிறேன். தீபாவளிக்கு முறுக்கு வாங்குவதையே குணசீலன் நிறுத்திவிட்டார், காரணம் கேட்டால் கொழுப்புச்சத்து என்கிறார்.

அவர் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதுதான் ஆத்திரம். சொன்னால் சண்டை போடலாம். என்னைக் குளியலறைவரை தூக்கிக்கொண்டு போன மாதங்களில் முகம் சுளித்ததில்லை, கதவுக்கு வெளியே நின்று "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று கேட்பார், ஆகாத மனுஷிக்கும் ஆகிவிடும். நடக்க ஆரம்பித்தபின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் மின்படிக்கட்டில் ஏறினால் முதுகுக்குப் பின்னால் ஒரு கை காற்றில் காவல் நிற்கும், நான் திரும்பினால் தலையைச் சொறிவது மாதிரி நடிக்கும். எங்கே போனாலும் நாற்காலி. உட்காருங்க, உட்காருங்க அக்கா, நீங்க ஏன் நிக்கிறீங்க. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனேன். நான் மலையை ஜெயிக்க வரவில்லை, எனக்கு நிற்க வேண்டும், இந்தக் காலில், யாரும் பிடிக்காமல், அவ்வளவுதான். ஆனால் அவர் பயம் கயிறு வழியாக மேலே வந்துவிடுகிறது. மறுபடி ஏற ஆரம்பித்ததிலிருந்து கயிற்றைத் தளர விடமாட்டேன் என்கிறார். முன்னால் ஏறிப் போகிறவளுக்குக் கயிறு இடுப்பிலிருந்து கீழேதான் போகிறது, கீழே இருக்கிறவர் இறுக்கிப் பிடித்தால் காப்பாற்றுவதாகாது, பின்னாலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரிதான். இது அவருக்குத் தெரியாதா? எனக்கே கற்றுக்கொடுத்தவர். தெரியும். கைக்குத் தெரியவில்லை. இதோ இப்போதும் பார், நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது கயிறு, காலுக்குக் கீழே இடப்பக்கம் பாறையில் அடித்திருக்கிற கடைசி இரும்பு வளையம்வரைக்கும் ஒரு தொய்வு கிடையாது.

அந்த வளையம் ரொம்பக் கீழே இருக்கிறது. வழுக்கினால் அதையும் தாண்டித்தான் கயிறு பிடிக்கும், அதற்குள் இந்தச் சரிவு என்னைத் தேங்காய் மாதிரி துருவிவிடும், அப்புறம் அந்தப் பக்க மூலையில் போய் இடிப்பேன், எதை முன்னால் நீட்டிக்கொண்டு இடிப்பேன்? காலைத்தான். மறுபடியும் அந்தப் பாக்குச் சத்தம். போதும், அந்தப் பக்கம் போகாதே. மேகம் வருகிறது. கிழக்கே கடல் ஈயம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் போட்காரர் பாக் மாட்கூட "ஊஜான், ஊஜான்" என்று மழை வரப்போகும் திசையைக் காட்டினார், இந்த வாரம் போனால் பருவக்காற்று தொடங்கிவிடும், போட் ஓடாது, தீவைப் பூட்டிவிடுவார்கள். ஈரமானால் இந்தக் கல் சோப்பு. அப்படியானால் இப்போதே இறங்கு. அல்லது இப்போதே ஏறு. நின்றுகொண்டிருப்பதுதான் மூன்றிலும் மோசம். குணசீலன் கீழேயிருந்து கூப்பிடுகிறார், "விக்கி! கால் நடுங்குது பார்! போதும்மா, வந்துரு!" நடுங்குவது எனக்குத் தெரியாதா, என் கால்தானே. "இருங்க!" என்றேன். கை மறுபடியும் பாறையைத் தடவுகிறது, பிடி தேடுகிறது. சுண்ணாம்புக்கல்லில் வளர்ந்த கைக்குப் புத்தி வராது. இங்கே தேடத் தேட உடம்பு பாறையோடு ஒட்டும், ஒட்டினால் பாரம் காலைவிட்டுப் போகும், பாரம் போனால் கால் வழுக்கும். பயந்தவளைத்தான் இந்தக் கல் தள்ளிவிடும். கையை எடு. உள்ளங்கையைச் சும்மா விரித்து வை, அடுப்புத் திண்டைத் துடைக்கிற மாதிரி. இடுப்பை வெளியே தள்ளு. பாரம் முழுக்கப் பாதத்துக்குப் போகட்டும். சூடாக இருக்கிறது கல், வெயில் குடித்த கல், கிட்டத்தில் பார்த்தால் கற்கண்டுத் தூள் தூவின மாதிரி மினுக்குகிறது, அந்தத் தூளில்தான் ஏறுகிற ஷூவின் ரப்பர் கடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் சீவிப் பிழைத்தது, கடைசியில் நானும் ஒரு கட்டைவிரல் அகலக் கித்தாவை நம்பித்தான் நிற்கப்போகிறேன். வலது காலைத் தூக்கு. தூக்கினேன். வைத்தேன். பாதத்தைக் கல்லில் வைத்ததும் வேறொரு கல் ஞாபகம் வருகிறது பார், நேரம் காலம் தெரியாமல். கோயில் மண்டபத்தில் நல்லெண்ணெய் பூசின குட்டி அம்மி. குனிந்து என் வலது கால் பெருவிரலைப் பிடித்துத் தூக்கி அதன் மேல் வைத்தார், இதே காலை, இதே குணசீலன். கை வியர்த்திருந்தது அவருக்கு, விரல் வழுக்கி இரண்டாம் தடவை பிடித்தார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கல் மாதிரி உறுதியாக நிற்கணும் என்று ஐயர் சொன்னார். அன்றைக்குத் தூக்கி வைத்தவர் இன்றைக்கு எடுக்கச் சொல்கிறார். எடுக்க மாட்டேன். வைத்தது வைத்ததுதான்.

பாதிப் பாரம் கொடுத்தேன். நிற்கிறது. முக்கால் கொடுக்க உடம்பை முன்னால் கொண்டு போனேன், போக முடியவில்லை, இடுப்பில் கயிறு வெடுக்கென்று நின்றுவிட்டது. விடவில்லை மனிதர். இன்னும் ஒரு முழம் கயிறு வேண்டும் எனக்கு, ஒரே ஒரு முழம். "விடுங்க!" என்றேன். காற்று. "குணா, விடுங்க!" ஆஸ்பத்திரிக் குரல்தான் வந்தது, எத்தனை வருஷப் பழக்கம், மூச்சுக்குச் சொல்கிற அதே விடுங்க, மெத்தென்று. கீழேயிருந்து பதில் வந்தது, "சரிம்மா! சரிம்மா, விட்டுறலாம்! அடுத்த வருசம் பாத்துக்குவோம்! பிடிச்சிட்டேன்!" ஐயோ. ஐயையோ. கயிற்றை விடச் சொன்னால் இவர் மலையையே விட்டுவிட்டார். போனால் போகட்டும் விடுங்க என்று நான் தோற்றுப்போய்ச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். எப்போது சொல்வாள், எப்போது சொல்வாள் என்று வருஷமெல்லாம் காது திறந்து காத்திருந்த மனிதருக்கு வேறென்ன கேட்கும்? இல்லை என்று கத்த வாயைத் திறப்பதற்குள் இழுத்துவிட்டார். இடது பக்கமாக, கீழ்நோக்கி, முழுப் பலத்தோடு. இடது கால் பள்ளத்தைவிட்டுப் போனது. இரண்டு உள்ளங்கையும் கல்லில் சர்ரென்று கீழிறங்கின, தோல் போனது தெரிந்தது. போச்சு, பாக்கு, இதோ, என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். வலது கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தத் திட்டில், ஒன்றுமே இல்லாத இடத்தில், என் பாரமும் அவர் இழுத்த பாரமும் சேர்ந்து அந்த ஒற்றைக் குதிகாலில், தகடு, திருகாணி, எலும்பு எல்லாமாக, ஒரு இம்மி அசையாமல் நிற்கிறது. நான் காலைப் பார்த்தேன். அடிப்பாவி, நீ நிற்பாயா! இத்தனை நாள் சொல்லவேயில்லையே! அழுகையும் சிரிப்பும் ஒரே சமயத்தில் மேலே வந்தது, அவற்றோடு கோபமும் வந்தது, அடிவயிற்றிலிருந்து, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த எல்லா 'ங்க'வையும் உதறிப் போட்டுவிட்டு வந்தது.

"டேய் குணசீலா! கயித்த விடுடா!"

பாறையில் மோதித் திரும்பி வந்தது. டா, டா, டா. பக்கத்து வெடிப்பிலிருந்து ஒரு பறவை எழுந்து போயிற்று. என் வாயா இது. மாமியார் காதில் விழுந்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. அப்புறம் கயிறு தளர்ந்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் தாராளமாக, என் முழங்காலுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்குகிற அளவுக்கு. அந்த வளைவைப் பார்த்தபோது என் உள்ளங்கை மறுபடி பிடி தேடப் பார்த்தது, ஆமாம், நான் கேட்டதுதான், ஆனாலும் யாரும் பிடிக்காமல் நிற்பது இப்படித்தான் இருக்குமா. இப்படித்தான் இருக்கும். நில். குதிகாலை அழுத்து, முழங்காலை நிமிர்த்து. நிமிர்ந்தேன். உலகத்திலேயே மெதுவாக ஒருத்தி எழுந்து நின்றது அப்போதுதான் இருக்கும். இடது கால் தானாகப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. வெடிப்பு மூக்குக்கு நேரே இருந்தது, கையை உள்ளே விட்டேன், உள்ளே குளிர்ச்சியாக, ஈரமாக, பழைய அரிசிப்பானை மாதிரி வாசம். அந்த வாசத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தேன், உதட்டில் மணல் ஒட்டியது. மேலே ஏறினது ஒன்றும் சரியாக ஞாபகமில்லை. உச்சியில் பாறைக்குள் வேரோடிய ஒரு குட்டை மரம் இருந்தது, அதில் என்னைக் கட்டிக்கொண்டேன், கீழே தொங்கின கயிற்றையெல்லாம் இழுத்துச் சேர்த்தேன், இடுப்புக் கருவியில் மாட்டினேன், "வாங்க!" என்று கத்தினேன். 'ங்க' திரும்ப வந்துவிட்டது பாவம், போக்கிடமில்லாமல்.

இப்போது அவர் முறை. உச்சியிலிருந்து அவர் தெரியவில்லை, பாறையின் வயிறு மறைக்கிறது. கயிறுதான் தெரிகிறது. கயிறு கொஞ்சம் தளரும், நான் இழுப்பேன், மறுபடி தளரும், இழுப்பேன். மரத்து இலையில் டப்பென்று ஒரு சொட்டு. இன்னொன்று. வந்துவிட்டது. சீக்கிரம் வாருங்கள், சீக்கிரம். கயிறு நின்றுவிட்டது. அந்த இடம். அங்கேதான் நிற்கிறார், எனக்குத் தெரியும், பள்ளத்தில் கால்நுனியை வைத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் திட்டைப் பார்த்துக்கொண்டு. என்னைவிடக் கனமான மனிதர். முழங்கால் வேறு போன மாதத்திலிருந்து சொடக்குப் போடுகிறது. ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அந்தத் திட்டு சோப்பு. வழுக்கினால் மூலையில் போய் இடிப்பார், நான் பார்க்கக்கூட முடியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். இழுத்துக்கொண்டேன். இன்னும் இழுத்துக்கொண்டேன். கயிறு கம்பியாகிவிட்டது, உள்ளங்கையில் தோல் போன இடம் எரிகிறது, எரியட்டும். "விடும்மா!" என்று கீழேயிருந்து குரல். மேலே இருக்கிறவள் இழுத்துப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும், இங்கே அப்படி இல்லை, கயிறு ஒரு பக்கம் போகிறது, கால் வைக்க வேண்டியது இன்னொரு பக்கம், இழுத்தால் காலைவிட்டு ஆளைப் பிரித்துவிடும். தெரியும். நன்றாகத் தெரியும். "விக்கி, விடும்மா!" விடத்தான் போகிறேன், இதோ, கை திறக்கவில்லை. விரலைப் பார்க்கிறேன். என் விரல்தான், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறது. இதையா இவர் இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்றார்? கீழே, ஒன்றும் சொல்லாமல், கழுத்தை அண்ணாந்துகொண்டு, இதையா? என்னவெல்லாம் திட்டினேன் மனசுக்குள்ளே. கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. அப்புறம் வந்தது, காற்றைக் கிழித்துக்கொண்டு, அந்த மனிதர் தொண்டையில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்காத ஒரு குரல்.

"அடியேய் விக்னேஸ்வரி! கயித்த விடுடி!"

டி, டி, டி என்று மலை முழுக்கச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒழுக, மழையில், மரத்தில் கட்டின மாடு மாதிரி நின்றுகொண்டு சிரித்தேன். ஒரு முழம் விட்டேன். இன்னொரு முழமும் விட்டேன்.